முதலில் சாம்பாரில் பருப்பைக் கூட்டுங்கள்: டெல்டா விடுதி மெஸ் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வார்டன்களுக்கு, மெஸ் கமிட்டி உறுப்பினர்களுக்கு, மாணவப் பிரதிநிதிகளுக்கு, விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டும் மாஸ்டர் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். காவிரி டெல்டாவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வு மாணவி. இளங்கலையிலிருந்து இன்றுவரை விடுதிச் சாப்பாடுதான். நடுவில் மெஸ் ரெப்பாகவும் இருந்து, காய்கறி பில்லில் கையெழுத்துப் போட்டு, மாதக் கடைசியில் டிவைடிங் கணக்கு (மெஸ் செலவை எல்லோருக்கும் பங்கிடுவது) ஏறியதற்கு மொத்த ஃப்ளோரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். கறி, மீன், முட்டையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. பாலும் பெரும்பாலும் இல்லை. அதனால் இந்த மடலை ஒரு பிரச்சாரம் என்று நினைத்து மடித்து வைத்துவிடாதீர்கள். பிரச்சாரத்துக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் விடுதிக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. வாரத்தில் ஒரு நாளைத் தாவர உணவு நாளாக அறிவிப்பது, அன்றைக்கு முட்டை, கோழி, பால், தயிர் எதுவும் கிடையாது, சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் பூமியைக் காப்போம் என்று ஒரு பேனர். யோசனை சொன்னவர்கள் நல்ல மனதுக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு என்ன சமைப்பீர்கள் என்று கேட்டபோது வந்த பதில்: "எப்பவும் போல சாம்பார், முட்டைகோஸ் பொரியல், ரசம்." முட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முட்டைகோஸ். அவ்வளவுதான். கூட்டம் சத்தத்தில் முடிந்தது. அடுத்த கல்வியாண்டுக்கு மெனு எழுதும் நேரம் இது. மற்ற விடுதிகளிலும் இதே பேச்சு எழும் என்று தெரிவதால், பொதுவாக எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஒரு மாணவரோ மாணவியோ எதனால் கறியைக் குறைக்கிறார், எதனால் பாலை விடுகிறார்? விடுதியில் நான் பார்த்தவரை காரணங்கள் ரொம்ப சாதாரணமானவை. பூமி சூடாவதைப் பற்றி வகுப்பில் படித்துவிட்டு அன்றிரவே தட்டை மாற்றியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முகப்பரு போகும் என்று யாரோ யூடியூபில் சொன்னதைக் கேட்டுப் பாலை நிறுத்தியவள் ஒருத்தி. பால் குடித்தாலே வயிறு உப்புகிறது என்பதைப் பத்தொன்பது வயதில் கண்டுபிடித்தவள் இன்னொருத்தி. விடுதி வாசலில் வளர்ந்த நாய்க்குட்டி வண்டியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து கறி இறங்கவில்லை என்றவள் ஒருத்தி. அறைத்தோழி சாப்பிடுவதில்லை, நான் மட்டும் கறிக்குத் தனிக் காசு கட்டி டோக்கன் வாங்கி என்ன செய்ய என்று விட்டவர்கள் நிறையப் பேர். என் கதையும் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. முதுகலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட தோழி கறி தொடமாட்டாள். அந்த மெஸ்ஸின் கோழிக்குழம்போ மஞ்சள் தண்ணீர். இரண்டும் சேர்ந்தது. கொள்கையெல்லாம் பிறகுதான் வந்தது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எக்ஸ்ட்ரா டோக்கனுக்குக் காசு இல்லாததால் தாவர உணவு சாப்பிடுகிறவர்கள். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகள். மாதா மாதம் எத்தனை பேர் சைவம் என்று ரிஜிஸ்டரில் எழுதி, தாவர உணவு பரவுகிறது என்று யாராவது அறிக்கை கொடுத்தால், அதில் பாதி இவர்களாக இருக்கும். இவர்களுக்கு மனமாற்றம் ஒன்றும் நடக்கவில்லை. சிக்கன் விலை குறைந்தால் நாளைக்கே டோக்கன் வாங்குவார்கள், வாங்கவும் வேண்டும்.

ஆனால் நம் ஊரில் எல்லோர் கண் முன்னாலும் வருடா வருடம் ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. புரட்டாசி வந்தால் மெஸ்ஸில் கோழி ஆர்டர் சரிகிறது. கார்த்திகை பிறந்து மாலை போட்டுக்கொண்டால், முந்தின வாரம்வரை பிரியாணிக்கு முதல் ஆளாக நின்ற பையன் ஒரு மண்டலம் கறி வாசனையே ஆகாது என்கிறான். வேளாங்கண்ணிப் பக்கத்துப் பிள்ளைகள் தவக்காலத்தில் கறியை விடுகிறார்கள். பக்தி ஒரு காரணம், சரி. பக்தி அதிகம் இல்லாத பையன்களும் மாலை போடுகிறார்களே, அதைக் கொஞ்சம் பாருங்கள். அந்த நாட்களில் கூட நாலு பேர் இருக்கிறார்கள். எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று தெரியும். ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் குடைவதில்லை. வீட்டில் அம்மாவும் எலும்பும் தோலுமாகிவிட்டாய் என்று புலம்புவதில்லை. முக்கியமாக, கேட்டால் சாப்பாடு கிடைக்கிறது. மாலை போட்டவர்களுக்கென்று மாஸ்டர் தனியாக ஒரு குழம்பு வைக்கிறார், அதுவும் அக்கறையாக வைக்கிறார். அந்தக் குழம்பு மாலை போடாதவர்களுக்குத் தை மாதத்தில் ஏன் கிடைப்பதில்லை? ஒரு ரெப்பாக நான் இந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலுக்கு ஒரு சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

இதையே வெளிநாட்டில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எம்மா கார்னெட் என்ற ஆய்வாளரும் குழுவும் கல்லூரி உணவகங்களில் விற்ற 94,000-க்கும் மேற்பட்ட சாப்பாடுகளின் கணக்கை எடுத்து 2019-இல் வெளியிட்டார்கள். நாலு உணவில் ஒன்று சைவம் என்று இருந்ததை நாலில் இரண்டு என்று ஆக்கியபோது, சைவ உணவின் விற்பனை 41 முதல் 79 சதவீதம் வரை கூடியது. பேனர் இல்லை, தடை இல்லை. கறி இருந்த இடத்தில் இருந்தது. பக்கத்தில் இன்னொரு நல்ல உணவு வந்தது. அதிகம் மாறியவர்கள், அதற்கு முன் சைவத்தை மிகக் குறைவாக எடுத்துவந்தவர்கள்தான். மொத்த விற்பனையும் படுத்துவிடவில்லை. கான்ட்ராக்ட் எடுத்தவர்கள் இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும்.

அதே கேம்பிரிட்ஜுக்கு 1914-இல் நம் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவிலிருந்து ஒருவர் போனார். ராமானுஜன் டிரினிட்டி கல்லூரியின் பொதுக்கூடத்தில் சாப்பிட முடியாமல், தன் அறையிலேயே அடுப்பு வைத்துத் தானே சமைத்துக்கொண்டார். ஊருக்குக் கடிதம் எழுதிப் புளியும் தேங்காய் எண்ணெயும் கேட்டார். போர் வந்தபின் காய்கறி கிடைப்பதே பாடாகிவிட்டது. அவருடைய நோய்க்குச் சாப்பாடுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை மருத்துவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொல்வது வேறு. அவ்வளவு உறுதியான பழக்கம் உள்ள ஒருவரையே, மெஸ் சோறு போடாவிட்டால், அது தனியாக உட்கார வைத்துவிடுகிறது. உறுதி அரைகுறையாக இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை என்ன ஆவாள்? இரண்டு வாரம் ரசத்தைப் பிசைந்து தின்றுவிட்டு மூன்றாவது வாரம் முட்டை டோக்கன் வாங்குவாள். நான் பார்த்த பாதி முயற்சிகள் இப்படித்தான் முடிந்தன.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். இதைச் சொல்லாமல் இந்த மண்ணில் சாப்பாடு பற்றி எழுதுவது நேர்மை ஆகாது.

டெல்டாவில் யார் என்ன சாப்பிடுகிறார், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது ஒரு காலத்திலும் வெறும் ருசி விவகாரமாக இருந்ததில்லை. 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், எல்லோருக்குமான பந்தி என்று நம்பி உட்கார்ந்து சாப்பிட்ட தலித் தொழிலாளர்களை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். அது பழைய கதை என்பவர்களுக்குப் புதுக் கதையும் இருக்கிறது. சென்னை ஐஐடி மெஸ் ஒன்றில் 2018 டிசம்பரில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கை கழுவும் இடம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். மாணவர்கள் எதிர்த்ததும் அதை எடுத்துவிட்டார்கள். கறி சாப்பிடுவது அசுத்தம் என்ற வாடை ஒரு துளி வந்தாலும், இங்கே தாவர உணவு என்ற பேச்சு அங்கேயே செத்துப்போகும். போகத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏதாவது ஒரு வடிவத்தில் அசைவம் உண்பவர்கள். அதிலும் கறி என்பது பொங்கலுக்கும் கிடாவெட்டுக்கும் மட்டும் வந்த வீடுகளிலிருந்து ஒரு பிள்ளை விடுதிக்கு வருகிறாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வாரா வாரம் புதன்கிழமை அவள் தட்டில் கோழி விழுகிறது. அந்தத் தட்டைப் பார்த்து, "நீ பூமியைக் கெடுக்கிறாய்" என்று ஒரு பேனர் பேசினால், அவள் அதை என்னவாக எடுத்துக்கொள்வாள் என்று யோசித்தீர்களா?

பள்ளிக்கூடச் சத்துணவு இதை நம்மைவிட நன்றாகக் கையாண்டிருக்கிறது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் விரிந்து, 1982-இல் எம்ஜிஆர் காலத்தில் பெரிதாகி, 1989-இல் கலைஞர் காலத்தில் முட்டை வந்து சேர்ந்தது. முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுத்தார்கள். ஒரே வரிசை, ஒரே தட்டு, கையில் இருப்பது மட்டும் வேறு. விடுதிகளும் அப்படியே இருக்கட்டும். இரண்டு வரிசை வேண்டாம், தனி மேசை வேண்டாம், தனி வாசல் பற்றி நினைக்கவே வேண்டாம். கரண்டியை மட்டும் தனியாக வையுங்கள், கறிக்குழம்புக் கரண்டியைப் பயறுக்குள் விடாமல் இருந்தால் போதும், அது மரியாதை.

சரி, தட்டுக்கு வருவோம். என் முழுப் புகாரும் இங்கேதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் சொன்ன கணக்குப்படி ஒருவருக்கு ஒரு நாளில், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். நம் மெஸ் சாம்பாரில் ஒரு கரண்டிக்குப் பத்துப் பதினைந்து கிராம் பருப்பு இருந்தால் அதிகம்; அதில் கிடைப்பது மூன்று கிராம் புரதம். முட்டை ஒன்றில் ஆறு கிராமுக்கு மேல். ஆகவே கறியும் முட்டையும் வேண்டாம் என்று சொல்கிற பிள்ளைக்கு நீங்கள் அதற்குப் பதிலாகக் கொடுப்பது சோறு, இன்னும் கொஞ்சம் சோறு. 2024-இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல், தானியத்திலிருந்து வரும் சக்தி 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. விடுதித் தட்டில் அது எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். நெல்லுக்கு நடுவில் பிறந்ததால் நாம் சோற்றைச் சாப்பாடு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

ஜிம்முக்குப் போகும் பையன்களிடம் கேளுங்கள். தாவர உணவு என்றதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி புரதம் எங்கே என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் உபதேசத்தில் இல்லை, அண்டாவில் இருக்க வேண்டும். ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறப்போட்டுச் சுண்டல் செய்தால் பத்து கிராம் புரதம். இருபத்தைந்து கிராம் மீல் மேக்கரில் பதின்மூன்று கிராம். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையில் ஏழு கிராம். மூன்றும் விலை உயர்ந்த சரக்கு இல்லை, பாதாமும் சோயா பாலும் வாங்கச் சொல்லி நான் டிவைடிங்கை ஏற்ற வரவில்லை. பல்பொருள் அங்காடியில் டப்பாவில் விற்கும் போலிக் கறியைப் பற்றியும் பேசவில்லை. அந்த விலைக்கு எங்கள் ஸ்டைபெண்டில் பாதி போய்விடும்.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இந்த ஊரே பயறு விளைகிற ஊர். சம்பா, தாளடிப் பருவ நெல்லை அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் மார்கழி, தைப் பனியும்தான். நெல் அறுத்தபின் தாளுக்கு நடுவில் பச்சையாக எழுந்து நிற்கும். 1922-இலிருந்து இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நெல் தரிசுக்கென்றே, அதாவது நெல் அறுத்த வயலுக்கென்றே, ஆடுதுறை 3 போன்ற உளுந்து ரகங்களைக் கொடுத்திருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்தபின் அதன் சக்கரம் முளையை நசுக்குகிறது, அதனால் தெளிப்பதையே பலர் விட்டுவிட்டார்கள் என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் வருத்தப்படுகிறார்கள். மாசி, பங்குனியில் உளுந்து அடித்துக் காயவைக்கிற ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, நம் விடுதிகள் உளுந்தை இட்லி மாவுக்கு மட்டும் வாங்குகின்றன, பச்சைப்பயறை வாங்குவதே இல்லை. பக்கத்து வட்டாரத்து உழவர் உற்பத்தியாளர் குழுவிடம் நேரடியாகப் பயறு கேட்டுப் பார்க்கலாமே. டெண்டர் விதி இடம் கொடுக்குமா என்று அலுவலகத்தில் கேட்டால்தானே தெரியும்.

ருசிக்கும் வெளியே போக வேண்டாம். கும்பகோணம் கடப்பா இருக்கிறது: பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், கசகசா, சோம்பு. ஒரு சொட்டுப் பால் இல்லை. இட்லிக்கு அதை ஊற்றினால் சிக்கன் கிரேவியைத் தேடுகிறவன்கூட இரண்டாவது கரண்டி கேட்பான். பருப்பு உருண்டைக் குழம்பு இருக்கிறது, ஒரு தட்டுக்கு நாலு உருண்டை போட்டால் புரதம் பற்றிய பேச்சே எழாது. வடகறி, அடை, தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு, மொச்சைக் குழம்பு, பச்சைப்பயறு கடைசல், வாழைப்பூ பருப்பு உசிலி. இவற்றை யாரும் தாவர உணவு இயக்கம் என்று நினைத்துச் செய்யவில்லை, நம் பாட்டிகள் செவ்வாய், வெள்ளிக்குச் செய்ததுதான். சிக்கன் நாளில் சைவக்காரர்களுக்கு என்று பனீர் பட்டர் மசாலா வைப்பதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். செலவு அதிகம், பாலை விட்டவர்களுக்கு ஆகாது, நம் மாஸ்டர்களுக்கு அது சரியாகவும் வருவதில்லை. தஞ்சாவூர் கைக்கு வடநாட்டுக் குழம்பு எதற்கு?

அந்த உணவுகளுக்கு ஊறவைக்க வேண்டும், அரைக்க வேண்டும், ஆள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கோழிக்குழம்பைவிடப் பருப்பு உருண்டைக் குழம்புக்கு வேலை அதிகம். முந்நூறு பேருக்கு உருண்டை பிடிப்பது சும்மா இல்லை. சைவச் சமையல் மலிவு என்று நினைத்து அதற்கு ஆள் குறைக்கிற பழக்கம்தான் முட்டைகோஸில் வந்து முடிகிறது. கறி குறையும் நாளில் மிச்சமாகும் பணத்தை மெஸ் பில்லில் கழித்துவிடாமல், கூடுதலாக ஒரு ஆளின் கூலிக்கும் தேங்காய்க்கும் போடுங்கள். பில் குறையவில்லையே என்று முணுமுணுப்பார்கள். ரெப் என்ற முறையில் அந்தத் திட்டை வாங்கிப் பார்த்தவள் சொல்கிறேன், சாப்பாடு நன்றாக இருந்தால் அந்தத் திட்டு ஒரு வாரத்துக்குமேல் நிற்காது.

பெயரும் ஒரு விஷயம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உணவகத்தில் ஒரே காய்கறியை ஒரு நாள் சும்மா பெயரிலும், ஒரு நாள் ஆரோக்கியம் பேசும் பெயரிலும், ஒரு நாள் நாக்கில் எச்சில் ஊறும் பெயரிலும் வைத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில், ருசியான பெயர் வைத்த நாளில் சாதாரணப் பெயரைவிட 25 சதவீதம் பேர் அதிகமாக எடுத்தார்கள்; கொழுப்புக் குறைவு, சர்க்கரை குறைவு என்கிற மாதிரிப் பெயரைவிட 41 சதவீதம் அதிகம். நம் கரும்பலகையில் "வெஜ்" என்று இரண்டு எழுத்து இருக்கும். "கும்பகோணம் கடப்பா", "மண்சட்டி மொச்சைக் குழம்பு" என்று முழுசாக எழுத சாக்பீஸ் ஒன்றும் அதிகம் தேயாது. மண்சட்டியில் செய்திருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள்.

பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். பேசலாம், அதற்கும் பலன் உண்டு. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களில் பாதிப்பேர் கறி உண்பதன் நியாயம் பற்றி ஒரு கட்டுரை படித்து வகுப்பில் விவாதித்தார்கள். மற்றவர்கள் தர்மம் கொடுப்பதைப் பற்றி விவாதித்தார்கள். பிறகு வளாகத்தில் அவர்கள் வாங்கிய சாப்பாட்டு ரசீதுகளைப் பார்த்தால், முதல் குழுவில் கறி வாங்கியது 52 சதவீதத்திலிருந்து 45 ஆகக் குறைந்திருந்தது. இரண்டாவது குழுவில் மாற்றமில்லை. 2020-இல் வெளியான ஆய்வு. ஏழு சதவீதம் சின்ன எண் இல்லை. ஆனால் அங்கே நடந்தது விவாதம். எதிர்த்துப் பேசவும் இடமிருந்தது. வரிசையில் தட்டோடு நிற்கிறவளிடம் எதிர்த்துப் பேசச் சொல்ல முடியாது. கருத்தை வகுப்பறைக்கோ விடுதி வாசிப்பு வட்டத்துக்கோ அனுப்புங்கள், சாப்பாட்டுக் கூடத்தைச் சாப்பாட்டுக்கு விடுங்கள்.

அப்படி விவாதிக்கும்போது முழு உண்மையையும் பேசுங்கள். கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கத்துத் தென்னையெல்லாம் சாய்த்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்குப் பருவநிலை என்றால் என்னவென்று பேனர் சொல்ல வேண்டியதில்லை. இறைச்சிக்கும் பாலுக்கும் வளர்க்கும் மாடுகள் வெளியிடும், பூமியைச் சூடாக்கும் மீத்தேனைப் பற்றிப் பேசுகிறவர்கள், தண்ணீர் கட்டிய நெல் வயலும் மீத்தேன் விடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, வயலைக் காயவிட்டு நீர் விட்டால் அது குறையும். வேளாண்மை படிக்கும் பிள்ளைகள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிற நாகப்பட்டினத்தில் போய் மத்தி மீனும் மாட்டிறைச்சியும் பூமிக்கு ஒரே கெடுதல் என்று ஒரே தராசில் வைத்தால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

உடம்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் விடுகிறவருக்கு பி12 வைட்டமின் தாவர உணவிலிருந்து கிடைக்காது; மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்தாக வேண்டும். இதை எத்தனை யூடியூப் அண்ணன்கள் சொல்கிறார்கள்? தமிழ்நாட்டில் பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெண்கள் விடுதியில் கறியை விடுகிறவள் இரும்புச்சத்துக்கு என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்க வேண்டும். வாரம் மூன்று நாள் கீரை, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு, சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம் என்று ஒரு வரி. சுகாதார மையத்து நர்ஸ் அம்மாவைப் பருவத்துக்கு ஒரு தடவை மெஸ்ஸுக்கு வரச் சொன்னால் போதும். மெலிய வேண்டும் என்பதற்காகத் தாவர உணவு என்று சொல்லிக்கொண்டு சாப்பாட்டையே விடுகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களை அறைத்தோழிகளுக்கும் முந்திக் கண்டுபிடிக்கிறவர் பரிமாறுகிற அக்காதான்.

ஆகவே முட்டையை எடுக்காதீர்கள். புதன் கோழியை எடுக்காதீர்கள். நான் கேட்பது கொஞ்சம்தான். காலையில் இட்லி, தோசைக்கு வாரம் இரண்டு நாள் கடப்பாவோ வடகறியோ. மதியம் தினமும் ஒரு பயறு, எல்லோருக்கும், டோக்கன் இல்லாமல். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதிலாக மூன்று நாள் சுண்டல். கோழி நாளில் அதே அக்கறையோடு ஒரு பருப்பு உருண்டைக் குழம்போ மொச்சைக் குழம்போ, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வரிசையின் ஆரம்பத்தில். கோழிப் பாத்திரத்துக்கும் அதற்கும் நடுவில் கொஞ்சம் தூரம் விடுங்கள். பக்கத்தில் ஒட்டி வைத்தால் முதலில் வைத்தும் பயனில்லை என்று அதே கேம்பிரிட்ஜ் ஆட்கள் பின்னால் கண்டுபிடித்தார்கள். கூட்டையும் குருமாவையும் பால், தயிர் சேர்க்காமல் செய்ய முடிந்த நாளில் அப்படியே செய்து, தயிரைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

ஒரு பருவம் இப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு, எந்தப் பாத்திரம் காலியாகிறது, எது குப்பைத் தொட்டிக்குப் போகிறது என்று மாஸ்டரிடம் கேளுங்கள். ரிஜிஸ்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மெனு எழுதும் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள். இதுவரை நான் உட்கார்ந்த எந்த மெஸ் கமிட்டிக் கூட்டத்திலும் அவருக்கு நாற்காலி போட்டதில்லை. கிரைண்டர் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது, அதைச் சரிசெய்தால் உருண்டைக்கு அரைத்துத் தருகிறேன் என்று எங்கள் மாஸ்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். எங்கள் வார்டன் அம்மா இதைப் படித்தால், அந்த கிரைண்டருக்கான கடிதம் ஜனவரியிலிருந்து உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
விடுதி ஆய்வு மாணவி ஒருத்தி
திருவாரூர் மாவட்டம்